சிரில் பிளெங்கின் ஃபைனாக இருந்த கதை

“கடலே என் வீட்டுக்குள்ள ஏறி வந்து, எதிர் நாற்காலியில உக்காந்து, ‘எப்படி இருக்க சிரில்?’னு கேக்கட்டும். அதுக்கும் ஃபைன்தான் பதில். இந்த வாய்லேர்ந்து வேற பதில் வந்ததும் இல்ல, வரப்போறதும் இல்ல.”

சிரில் பிளெங்கின் இப்படி முழங்கியது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஸ்கார்விக் ஊரின் ஒரே மதுக்கடையான ‘நங்கூர’த்தில். கூடியிருந்தவர்கள் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடலும் இருந்தது. அது எதையும் தட்டவில்லை. கேட்டுக்கொண்டது என்று மட்டும் சொல்லலாம்.

அபராதம் கட்டுகிறோமே, அந்த ஃபைனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நலமா என்று கேட்டால் வருகிற ஃபைன் இது. அகராதி எழுதுகிற பெரிய மனிதர்கள் இந்தச் சொல்லுக்கு நேர்த்தியானது, மெல்லியது, உயர்தரமானது, வானம் தெளிந்தது என்றெல்லாம் பொருள் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களில் யாரும் யார்க்ஷயரின் கிழக்குக் கரையில் குடியிருந்ததில்லை. ஸ்கார்விக்கில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பேச்சை மாற்று.

ஊர் வழக்கம் சுலபமானது. எதிரே வருகிறவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் போனால் திமிர். கேட்கப்பட்டவர் ஃபைன் என்று சொல்லியே ஆக வேண்டும். வேறு எதையாவது சொன்னால் அழுமூஞ்சி. இத்தோடு முடிந்தது. கேட்டதையே இரண்டாம் முறை கேட்பது என்பது மட்டும் இந்த ஊரில் கிடையாது. அது அடுத்தவர் படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறப்பதற்குச் சமம். அப்படிக் கேட்ட ஒரு பாதிரியாரை ஊர் எட்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போக வைத்தது.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. வெறும் ஃபைன் என்றால் ஜலதோஷத்திலிருந்து விவாகரத்து வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். ஃபைன், நன்றி என்றால் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டிருக்கிறது. முற்றிலும் ஃபைன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கறுப்பு உடுப்பை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கலையில் சிரிலை மிஞ்ச ஆள் இல்லை. குடல்வால் வெடித்த நிலையில் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் நேராக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, அதன் பிறகே ஸ்டியரிங் மேல் சாய்ந்தவர் அவர். வழியில் ஒரு சிறுமி, “உங்க மூஞ்சி ஏன் பச்சையா இருக்கு?” என்று கேட்டாளாம். ஃபைன் என்றாராம். அவருடைய தகப்பனார் செத்த காலையில், சவப்பெட்டிக்காரரைக் கூப்பிடப் போகும் வழியில் எதிர்ப்பட்ட பாதிரியார், “அப்பா எப்படி இருக்கார்?” என்று விசாரித்தார். அதற்கும் அதே பதில். இவர் உள்ளூர்க்காரப் பாதிரியார். ஆகையால் கோபப்படவில்லை. மூன்று நாள் கழித்து அடக்கப் பிரசங்கத்தில் அதை ஆண்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. கண் பரிசோதனைக்காரி எழுத்துப் பலகையைக் காட்டி, “மேல் வரிசை தெரியுதா?” என்றாள். சிரில் ஃபைன் என்றார். “அப்ப படிங்க” என்றாள். வெளியூர்க்காரி. அன்றோடு ஓட்டுநர் உரிமம் போயிற்று. வீட்டு வாசலில் நின்ற காரும் போயிற்று.

வீடு இருந்தது. கடல் சாலையின் கடைசி வீடு. எப்போதும் அது கடைசி வீடாக இருந்ததில்லை. அதற்கு அப்பாலும் வீடுகள் இருந்தன, வேலிகள் இருந்தன, ஒரு தபால் பெட்டி இருந்தது. இப்போது சிரில் வீட்டு வாசலைத் தாண்டியதும் சிமெண்டுக் கட்டைகளை அடுக்கி, சாலை முடிகிறது என்று பலகை நட்டிருந்தார்கள். சாலைக்கு அந்த விஷயம் தெரியாது. பலகைக்கு அப்பாலும் நடுவில் போட்ட வெள்ளைக் கோட்டோடு கொஞ்ச தூரம் தைரியமாகப் போய், அப்படியே காற்றில் முடிந்தது.

இந்தக் கரையின் மேடு கல் அல்ல, வெறும் களிமண். மழை அதைத் தலையிலிருந்து ஊறவைக்கும், கடல் காலடியில் தின்னும். டீயில் நனைத்த பிஸ்கெட் மாதிரி, உடைகிற சத்தம்கூட இல்லாமல், ஒரு துண்டு கழன்று இறங்கும். காலையில் எழுந்து பார்த்தால் வேலி இருந்த இடத்தில் வானம் இருக்கும். கடலும் பால் ஊற்றிய டீ நிறத்தில்தான் இருக்கும். ஊரைக் குடித்த நிறம்.

பலகைக்கு அப்பால் இருந்த எல்லோரும் கடைசிவரை ஃபைனாகவே இருந்தார்கள். ஹில்டா க்ரோ மட்டும் முற்றிலும் ஃபைன் என்றாள். அந்த வாரம் அவள் வீட்டு முன்கூடம் போயிற்று. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த முதியோர் இல்லத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

சிரிலின் மனைவி டோரீனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. பார்வையும் நடுப்பகுதியில் மங்கி, ஓரங்களில் மட்டும் மிச்சமிருந்தது. முன்னறையில் சாலையைப் பார்த்த நாற்காலிதான் அவளுடைய இடம். பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு சமையலறை வரை போவாள். பின்கதவுக்கு வெளியே போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பின்கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லும் பொறுப்பு சிரிலுடையது.

“தோட்டம் எப்படி இருக்கு?” என்று தினமும் காலை டீயின்போது கேட்பாள்.

“ஃபைன்.”

“ருபார்ப் தழைச்சிருக்கா?”

“ஃபைனா இருக்கு.”

ருபார்ப் என்கிற அந்தப் புளிப்புத் தண்டு, டோரீன் கல்யாணமாகி வந்த வருடம் தன் கையால் நட்டது. சென்ற மார்ச்சில் அது பாத்தியோடு சேர்ந்து இறங்கிப் போயிற்று. சிரில் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு லிஃப்டில் இறங்குகிற மனிதரைப் போல, அது நின்ற நிலையிலேயே மெல்லக் கீழே போயிற்று. அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு அந்த ஜன்னலுக்குத் திரை போட்டார்.

“எதுக்குத் திரை?” என்றாள் டோரீன், துணி உரசும் சத்தம் கேட்டு.

“காத்து வருது.”

அடுத்த வெள்ளிக்கிழமை பேருந்து பிடித்து வித்தர்ன்சீ சந்தைக்குப் போய் ஒரு கட்டு ருபார்ப் வாங்கிவந்தார். கட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்தார். வாசல் ஓரத்து மண்ணை எடுத்துத் தண்டுகளின் அடியில் தடவினார். பின்கதவைத் திறந்து, சத்தம் கேட்கும்படி சாத்தி, பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்து அவள் மடியில் வைத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தோட்டம் விளைந்தது.

புல்வெளியில் பிறகு ஒரு விரிசல் தெரிந்தது. சிரில் அதற்கு மண் போட்டு நிரப்பி, மேலே புல் விதை தூவினார். விதை முளைக்கும் முன் விரிசல் அகலமாயிற்று. அவர் இன்னொரு பை விதை வாங்கினார். துணி காயப்போடும் கம்பத்தைப் பிடுங்கி வீட்டுப் பக்கமாக நட்டார். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடுங்கி நட்டார். கடைசியில் அது பின்கதவுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது. துணி காயப்போட வெளியே போகத் தேவையில்லை, கதவைத் திறந்து கையை நீட்டினால் போதும். வயதான காலத்தில் இது வசதிதான் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஊருக்குத் தெரியாதா? கடற்கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், களிமண் சுவரிலிருந்து சிரில் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். தபால் ஆபீஸும் மளிகையும் ஒன்றான தபால் கடை மார்ஜரிக்குத் தெரியும். ரொட்டி வாங்க வருகிறவர்கள் அவளிடம் கேட்பார்கள்:

“சிரில் வீடு...?”

“ஃபைன்னு சொல்றாரு.”

“அப்ப சரி.”

நேராகக் கேட்கத்தான் கூடாது. கிண்டல் செய்யலாம், கிண்டலுக்கு ஊர் தடை போட்டதில்லை. நங்கூரத்தில் ஒருநாள் லென் ஹார்கர் ஆரம்பித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், சிரிலோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், ஊருக்கு வெளியே வண்டி புதைந்தால் தன் டிராக்டரால் இழுத்து விடுகிறவர்.

“உன் தோட்டக் கொட்டகைய நேத்து பாத்தேன்யா சிரில்.”

“எங்கேர்ந்து?”

“பீச்சுலேர்ந்து. அடிப்பக்கம் நல்லா தெரியுது. அங்க மட்டும் பெயின்ட் அடிக்காம விட்டுட்டியே, கஞ்சப் பயலே.”

கூட்டம் சிரித்தது. சிரிலும் சிரித்தார்.

“மேல்பக்கம் அடிச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு.”

“நான் வரல சாமி. என் எடைக்கு உன் கொட்டகை சீக்கிரம் கடலுக்கு லீவுல போயிடும்.” லென் கோப்பையை வைத்தார். சிரிப்பு அடங்கிய பிறகு குரலைத் தாழ்த்தி, வழக்கப்படி ஒரே ஒரு முறை கேட்டார். “சரியாத்தான இருக்க?”

“ஃபைன்.”

லென் தலையாட்டினார். அவர் வாயில் இன்னொரு கேள்வி இருந்தது; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவருடைய தாடை அசைந்தது தெரிந்தது. அதன் மேல் பீரை ஊற்றி விழுங்கிவிட்டார். திங்கட்கிழமை அந்தக் கொட்டகை கடற்கரையில் கிடந்தது, கூரை கீழே, தரை மேலே. யாரும் அதைப் பற்றி சிரிலிடம் பேசவில்லை. துக்க வீட்டில் கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல, அந்த வாரம் முழுவதும் எல்லோரும் அவரிடம் வானிலையைப் பற்றி மிகவும் கனிவாகப் பேசினார்கள்.

ஜனவரியில் கவுன்சிலிலிருந்து ஜெம்மா என்ற பெண் வந்தாள். கரையோரம் கரைகிற வீடுகளில் இருப்பவர்களை வேறிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவளுக்கு வேலை. அந்த வேலைக்கு வெளியூர்க்காரியைப் போட்டிருக்கலாம். இவள் இரண்டே ஊர் தள்ளி, இதே வழக்கத்தில் பிறந்தவள்.

சிரில் டீ கொடுத்தார். மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் டோரீனின் கோப்பை தட்டின் மேல் மெல்ல ஒரு முறை கிணுங்கியது. ஜெம்மா கோப்பையைப் பார்த்தாள். சிரிலும் கோப்பையைப் பார்த்தார். டோரீன் நேராகப் பார்க்க முடியாதவள். ஆகவே விரலை வைத்து அதை அமுக்கினாள்.

“இந்த வருஷம் குளிர் பரவாயில்ல” என்றார் சிரில்.

“ஆமா, போன வருஷத்துக்கு இது தேவலாம்” என்றாள் ஜெம்மா. “மிஸ்டர் பிளெங்கின், ஹார்ன்சீல ஒரு வீடு காலியா இருக்கு. தரைத் தளம். படி ஏற வேண்டாம். உங்க ரெண்டு பேருக்கும்...”

“நல்ல வீடா?”

“ரொம்ப நல்ல வீடு.”

“அப்ப யாராவது தேவைப்படறவங்களுக்குக் குடும்மா.”

ஜெம்மா டோரீன் பக்கம் திரும்பினாள். “மிஸஸ் பிளெங்கின், நீங்க என்ன சொல்றீங்க?”

புருஷன் ஃபைன் என்று சொன்ன பிறகு மனைவி வெளியாள் முன்னால் மாற்றிச் சொல்வது ஸ்கார்விக்கில் வழக்கமில்லை. “பிஸ்கெட் இன்னொண்ணு எடுத்துக்கோ கண்ணு” என்றாள் டோரீன்.

ஜெம்மா எடுத்துக்கொண்டாள். “பின்பக்கம் எல்லாம் எப்படி இருக்கு?” என்றாள், வாயில் பிஸ்கெட்டோடு, தற்செயலாகக் கேட்பது போல.

“ஃபைன்.”

கிணுங் என்றது கோப்பை.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் சிரில். வெளிக்கதவைத் தாண்டியதும் அவள் திரும்பி நின்றாள். வாயைத் திறந்தாள். அவளைப் பெற்றவள் அவளை ஒழுங்காக வளர்த்திருந்தாள், வாயை மூடிக்கொண்டாள். காருக்குள் ஏறி, கண்ணாடி வழியாக, காற்றில் போய் முடிகிற அந்த வெள்ளைக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி போயிற்று.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வடகிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. மதியம் தாண்டியதுமே இருட்டிக்கொண்டு வந்தது. வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் கோடு இல்லாமல் போயிற்று.

இப்படிக் காற்று அடிக்கும் நாட்களில் ஸ்கார்விக்கில் தொலைபேசிச் சுற்று நடக்கும். மார்ஜரி தபால் கடையிலிருந்து முதல் வீட்டைக் கூப்பிடுவாள். சரியா என்பாள். ஃபைன் என்று பதில் வரும். அந்த வீட்டார் அடுத்த வீட்டைக் கூப்பிடுவார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டை. இப்படியே கடல் சாலையில் இறங்கிக் கடைசி வீடு வரை வந்து, கடைசி வீட்டுக்காரர் மார்ஜரியைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லாரும் ஃபைன் என்று சுற்றை முடிப்பார். எங்காவது சங்கிலி அறுந்து, மார்ஜரிக்குப் பதில் வராமல் போனால், அவள் லென்னை டிராக்டரோடு அனுப்புவாள். அருமையான ஏற்பாடு. அதில் ஒரே குறை, இதுவரை சங்கிலி அறுந்ததே இல்லை. ஹில்டா க்ரோ வீட்டுக் கூடம் போன மாலையில்கூடச் சுற்று ஒழுங்காக முடிந்தது. முடித்து வைத்தவளே ஹில்டாதான்.

இப்போது முடித்து வைக்க வேண்டியவர் சிரில்.

அவர் சமையலறையில் நின்றிருந்தார். பின்கதவின் அடியில் துண்டைத் திணித்திருந்தார். காலையில் காய்ந்திருந்த துண்டு நனைந்திருந்தது. இப்போது கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு விரல் போகும் சந்து விழுந்திருந்தது. நேற்றுவரை சரியாகப் பொருந்திய கதவு. சந்து வழியாகப் பார்த்தால் துணிக் கம்பம் தெரிய வேண்டும். தெரியவில்லை. கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கண் பரிசோதனைக்காரி சொன்னதை அன்றுதான் முதல்முறையாக நம்ப விரும்பினார்.

கடலின் சத்தம் பின்பக்கத்திலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

தொலைபேசி அடித்தது. முன்னறைக்குப் போய் எடுத்தார்.

“லென் பேசறேன். சரியா?”

“ஃபைன்.”

“நல்லது. மார்ஜரிக்குச் சொல்லிடு.” வைத்துவிட்டார்.

சிரில் பொத்தானை அமுக்கப் போனார்.

“சிரில்” என்றாள் டோரீன். நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “தோட்டம் எப்படி இருக்கு?”

“ஃபைன்.”

காற்று புகைபோக்கிக்குள் இறங்கி ஒரு முறை ஊதிவிட்டுப் போயிற்று. விளக்கு மங்கிப் பிரகாசித்தது.

“தோட்டம் எப்படி இருக்கு?” என்றாள் டோரீன்.

சிரில் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அவள் நடுத் தேவாலயத்தில் எழுந்து நின்று உடுப்பைக் கழற்றியிருந்தாலும் அவர் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

“இப்பத்தான சொன்னேன்.”

“காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவ கேக்கறேன்.”

“டோரீன், யாராவது கேட்டா என்ன நெனைப்பாங்க?”

“யாரு இருக்கா கேக்கறதுக்கு? ஹில்டாவா? அவ வீடு தண்ணிக்குள்ள இருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “நமக்குப் பின்னாடி என்னப்பா இருக்கு?”

சிரில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

“எந்தத் தோட்டத்த கேக்கற, டோரீன்?” என்றார். “அது இல்ல.”

அவள் தலையாட்டினாள். “ருபார்ப்?”

“வெள்ளிக்கிழமை சந்தை.”

“தெரியும். நம்ம பாத்தியில அவ்வளவு நல்ல ருபார்ப் வெளஞ்சதே கிடையாது.” “மண்ணு தடவினியே, அதுதான் ரொம்பப் பாவமா இருந்துச்சு. கழுவ வேண்டியிருந்தது.”

“ஏன் சொல்லல?”

“நீ ஃபைன்னு சொன்ன. அதுக்கு மேல நான் எப்படிக் கேக்கறது?”

அப்போது வீட்டின் பின்பக்கம் யாரோ பீரோவை நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். நகர்த்தியவர் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். சமையலறையில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. அதன் பிறகு பின்கதவு இருந்த திசையிலிருந்து, கதவே இல்லாத மாதிரிக் குளிர் காற்று முன்னறைக்குள் வந்து, டோரீனின் கம்பளி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது.

சிரில் அவளைப் பார்த்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இந்தக் காற்றில் அவளால் வெளிக்கதவு வரைகூடப் போக முடியாது. தூக்கிப் போகும் வயதை அவர் கடந்துவிட்டார். வாசலில் காரும் இல்லை.

அவசர உதவி எண் என்று ஒன்று உண்டு. அது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. அங்கே எடுக்கிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கேட்டதையே திருப்பிக் கேட்பார்கள் என்று ஊரில் அதைப் பற்றி ஒரு பயம். கையில் இருந்தது தொலைபேசிச் சுற்று. சுற்றில் அடுத்தது மார்ஜரி. அவளைக் கூப்பிட்டார்.

“கடைசி வீடுதான? சரியா?” என்றாள் மார்ஜரி. பின்னால் கடையின் கதவுப் பலகைகளைச் சாத்தும் சத்தம்.

சிரில் வாயைத் திறந்தார். எத்தனையோ வருடம் ஒரே தடத்தில் ஓடிய வண்டி. திருப்பினால் திரும்ப மறுத்தது.

“இல்ல” என்றார்.

“நல்லது, நல்லது. கதவ நல்லா சாத்திக்கோங்க” என்றாள் மார்ஜரி. வைத்துவிட்டாள்.

சிரில் கையில் தொலைபேசியோடு நின்றார். மார்ஜரியைக் குறை சொல்ல முடியாது. கடைசி வீட்டிலிருந்து வரும் பதில் எதுவென்று இந்த ஊரில் யாருக்கும் காது கொடுத்துக் கேட்டுப் பழக்கமில்லை. சுற்று முடிந்தது. ஸ்கார்விக்கில் எல்லோரும் ஃபைன். அவள் கடையைப் பூட்டிவிட்டு நங்கூரத்துக்குப் போவாள்; லென்னும் அங்கே வருவார்; டிராக்டர் கொட்டகையில் காய்ந்து கிடக்கும். சிரில் வாயையே திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அது வந்துகொண்டிருக்கும்.

“என்ன சொன்னா?” என்றாள் டோரீன்.

“நல்லதாம்.”

டோரீன் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போப்பா. மறுபடியும் கூப்பிடு.”

பீரோ மறுபடி நகர ஆரம்பித்தது. இந்தத் தடவை நின்று மூச்சு வாங்கவில்லை. சமையலறை விளக்கு அணைந்தது. வீட்டு நடையின் சுவரில், அடுக்களைப் பக்கத்திலிருந்து முன்னறையை நோக்கி, காகிதம் கிழிவது போல ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிரிலின் கண்ணுக்குக்கூடத் தெரிந்தது.

அவர் மறுபடியும் எண்களை அமுக்கினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தபால் கடையில் சாவி கொத்தாகக் குலுங்குவதும், மார்ஜரி கோட்டைப் போட்டுக்கொள்வதும், வாசல்படியில் ஒரு காலை வைப்பதும் அவர் மனத்துக்குள் ஓடின. டோரீன் நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு இது?” மூச்சிரைக்கும் குரல்.

“சிரில்.”

“இப்பத்தானய்யா பேசின? என்ன வேணும்?”

“நாங்க ஃபைனா இல்ல, மார்ஜரி.”

அந்தப் பக்கம் சாவிக்கொத்து எதன் மேலோ விழுந்தது.

அவள் திருப்பிக் கேட்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் யாரும் கேட்காமலே, குரலை உயர்த்தாமல், சிரில் பிளெங்கின் அதை இன்னொரு தடவை சொன்னார்.